கிழங்கு வெந்த தண்ணீர்

போடியில் அந்த டாக்டர் கடைசியாகச் சொன்ன வார்த்தையில்தான் எல்லாம் தொடங்கியது. டைபாய்டு காய்ச்சல் விட்டு, எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த சுருளிவேலை அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவன் மனைவி வேலுத்தாயின் பக்கம் திரும்பினார்.

"இனிமே மருந்து மாத்திரை பெருசா வேண்டாம்மா. உடம்பு தேறணும். நல்ல சத்தான ஆகாரமாக் குடு. வயிறு புண்ணாக் கெடக்கு, தண்ணியா, லேசா இருக்கட்டும்."

எது சத்தான ஆகாரம் என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடி மாதம் அது. எஸ்டேட் ஜீப்பு மலையேறும்போது வேலுத்தாய் அந்தக் கேள்வியை ஓட்டுநர் வெள்ளைத்துரையிடம் போட்டாள். அவர் பெரிய சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். நாலு நாட்டுத் தண்ணீர் குடித்தவர் என்று எஸ்டேட்டில் பெயர்.

"எந்த நாட்டுச் சத்தக் கேக்குற தங்கச்சி?" என்றார் அவர், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே. "பஞ்சாபிக்கு ரொட்டியும் பருப்பும். சீனாக்காரனுக்கு சேமியா மாதிரி ஒண்ணு, நீள நீளமா, கொதிக்கக் கொதிக்க உறிஞ்சுவான். வெள்ளக்காரனுக்கு டப்பாக் கறி. எல்லாத்தையும் நான் தின்னு பாத்துட்டேன். ஒடம்புக்கு ஒசந்தது ஜப்பான்காரன் சாப்பாடுதான். ஒரு உருண்டச் சோறு, ஒரு துண்டு பச்ச மீனு. அதத் தின்னுபுட்டு மலைமலையா ஏறுவான்."

பின்னால் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த பேச்சி, வேலுத்தாய்க்கு அடுத்த வீட்டுக்காரி, எட்டிப் பார்த்தாள். "அம்புட்டுச் சத்துன்னா அவன் ஏன்ணே சண்டையில தோத்தான்?"

"குண்டுல தோத்தான். சோத்துல தோக்கல."

ஜீப்பே சிரித்தது. சுருளிவேல்கூடக் கம்பளிக்குள் சிரித்தான். வேலுத்தாய் சிரிக்கவில்லை. வேகாத மீனுக்குள் என்ன இருக்கும் என்று யார் கண்டது?

அவளுக்கு எதையும் பார்த்தவுடன் நம்ப வராது. பாலை நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு, நிற்கிறதா வழிகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவாள். நிற்காமல் வழிந்தால் தண்ணீர் கலந்த பால். மிளகு வாங்கினால் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுவாள். நல்ல மிளகு மூழ்கும், கலந்து விற்கும் பப்பாளி விதை மிதக்கும். இப்படிப் பார்க்கிற பழக்கத்தால் அவள் பலமுறை பிழைத்திருக்கிறாள். அதனால் அந்தப் பழக்கத்தை மட்டும் அவள் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை.

எஸ்டேட், மலைப்பாதையின் உச்சியிலிருந்த மேட்டைத் தாண்டி ஏலக்காட்டுக்கு நடுவில் இருந்தது. வேலையாட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள். லயத்துக்குக் கீழே, ரோட்டு வளைவில் ஒரு சாயாக்கடை. அதை நடத்துகிறவள் ஏலியாம்மா. மலையாளத்துப் பாலாப் பக்கத்திலிருந்து புருஷனோடு மலையேறி வந்தவள். மரம் விழுந்து அவன் செத்துப்போனான். முதலாளி வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் தகரம் போட்டுக் கடையையே வீடாக வைத்துக்கொண்டாள். ஊரில் அவளுக்கென்று எதுவும் மிச்சமில்லை. எல்லோரும் அவளைச் சேச்சி என்று கூப்பிட்டார்கள், வேலுத்தாயைத் தவிர.

காய்ச்சல் வருவதற்கு முன்னால் சுருளிவேல் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்தக் கடையில் கப்பையும் மீன்கறியும் தின்றுவிட்டு வருவான். கப்பை என்றால் மரவள்ளிக் கிழங்கு. வீட்டுக்கு வந்து, வேலுத்தாய் வைத்த கம்பஞ்சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவான். அவள் அவன் சட்டையை மோந்து பார்ப்பாள். தேங்காய் எண்ணெய் வாடை அடிக்கும்.

பேச்சி ஒருநாள் காதில் போட்டாள். "மலையாளத்துல சோத்துல மருந்து வச்சுக் குடுப்பாகளாம்டி. அது வயித்துலயே ஒட்டிக்கிடுமாம். அப்பறம் ஆம்பள அங்கேயேதான் போவானாம். ஒடம்பு உருகிப் போயிருமாம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சுருளிவேல் உடம்பு உருகத் தொடங்கியது. டாக்டர் டைபாய்டு என்றார். தண்ணீரிலிருந்து வருவது என்றும் விளக்கினார். வேலுத்தாய் தலையாட்டினாள். மனசுக்குள் அவளுடைய கணக்கு வேறாக இருந்தது.

திரும்பி வந்த மூன்றாவது நாளே மழை வலுத்தது. வேலுத்தாய்க்கு வேலை ஏலக்காய் ஸ்டோரில். முதல் எடுப்பில் பறித்த காய் வந்து கிடந்தது. ஸ்டோர் என்பது காய் காய வைக்கும் வீடு. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடி, அறையைச் சுற்றி மறுபக்கம் புகையாய்ப் போகும். புகை காயைத் தொடாது, சூடு மட்டும் தொடும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், அவற்றில் பச்சைக்காய். சூடு ஏறியதும் காயிலிருந்து ஆவி கிளம்பும். அப்போது மேல் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் காய் தன் ஆவியிலேயே வெந்து பழுப்பாகிவிடும், போடி ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் வேலுத்தாய் கெட்டிக்காரி.

மழைக்கு ஒதுங்கியவர்கள் ஸ்டோர்க் கதகதப்பில் கூடிவிட்டார்கள். பேச்சு சுருளிவேலின் சாப்பாட்டில் வந்து நின்றது.

"கேப்பக் களி குடு. எங்க அப்பன் அதத் தின்னுதான் எழுவது வயசுல கெணறு வெட்டுனாரு" என்றார் கங்காணி ராஜாராம். வேலையாட்களை மேய்ப்பவர், லயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"புண்ணு வயித்துல களியப் போட்டா கல்லு மாதிரி உக்காந்துக்கிரும்ல" என்றாள் பேச்சி. "வெள்ளக்காரன் மாதிரி ரொட்டியப் பால்ல நனைச்சுக் குடு."

"ரொட்டியா! காத்த ஊதி வச்ச மாவு" என்றாள் வேலுத்தாய். "அதுல எதப் போட்டு உப்ப வைக்கிறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஜப்பான்காரன்..." என்று ஆரம்பித்தார் வெள்ளைத்துரை.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

வேலுத்தாய் மனசில் முடிவு எப்போதோ ஆகியிருந்தது. உலகத்தில் ஆயிரம் சாப்பாடு இருக்கட்டும். நோய் கிடந்த உடம்புக்குக் கஞ்சித் தண்ணீருக்கு மிஞ்சி ஒன்றுமில்லை. அவள் பிறந்த சிலமலையில் அரிசியோ கம்போ எது வெந்தாலும், வெந்த தண்ணீர் மண்ணுக்குப் போகாது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, நசுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் குடிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் அதுதான் முதல் வாய். அதில் நியாயமும் இருக்கிறது. வேகும்போது தானியத்தின் மாவும், கரையக்கூடிய சத்தும் தண்ணீரில் இறங்கிவிடும். மெல்ல வேண்டாம், வயிறு அரைக்க வேண்டாம், நேராக உடம்பில் சேரும். டாக்டர் தண்ணியாக, லேசாக என்று சொன்னதும் இதைத்தானே?

அவள் இரண்டு வேளையும் கஞ்சி கொடுத்தாள். சுருளிவேலின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது.

அந்த வார நடுவில் மேட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டது. அரிசி லோடு போடியிலேயே நின்றுவிட்டது. லயத்தில் பானைகள் காலியாகத் தொடங்கின. வேலுத்தாய் வீட்டில் அரிசியும் இல்லை, கம்பும் இல்லை.

அன்று மத்தியானம் ஏலியாம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் வாழையிலை மூடிய தட்டு.

"வேவிச்ச கப்ப உண்டு வேலுத்தாயே. மீன் சேர்க்கல. அவன் வயிறு காயக் கூடாதல்லோ."

வேலுத்தாய் தட்டைப் பார்த்தாள், வாங்கவில்லை. வேறொருத்தி வேகவைத்ததை எப்படி வாங்குவது? வெந்த ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்று எந்தச் சோதனையிலும் தெரியாது. ஆனால் பானை காலி.

"வெந்தது வேண்டாம். பச்சக் கெழங்கா இருந்தா குடு. நானே வேக வச்சுக்கிறேன்."

ஏலியாம்மாவுக்குப் புரிந்தது. முகம் சுருங்கியது. ஆனாலும் போய், மண் உதிராத கிழங்குகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டாள். போகும்போது திரும்பி நின்று சொன்னாள்.

"இது கசப்பன் கப்பயாக்கும். பன்னி தின்னாதிருக்க நட்டது. தோலு நல்லா களையணும். நெறைய வெள்ளம் வச்சு, மூடாம வேவிக்கணும். கொதிச்சா அந்த வெள்ளத்த முழுசும் ஊத்திக் களஞ்சிடு. பின்னயும் புதுசா வெள்ளம் வச்சு, அதயும் களஞ்சிடு. கேட்டோ?"

அவளுக்குத் தண்ணீர் எப்போதும் வெள்ளம்தான், அது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலுத்தாய் ஒவ்வொரு சொல்லையும் சரியாகத்தான் கேட்டாள். கேட்டதனால்தான் சந்தேகம் வந்தது. இரண்டு தரம் வேகவைத்து இரண்டு தரம் சத்தைக் கொட்டச் சொல்கிறாளே, எதற்கு? சக்கையைத் தின்று அவன் படுத்தே கிடக்கவா? எழுந்தால் தன் கடைக்கு வரட்டும், தன் கைச் சாப்பாட்டைத் தின்று தேறட்டும் என்றா?

இந்த இடத்தில் அந்தக் கிழங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போடிச் சந்தைக்கு வரும் மரவள்ளி இனிப்பு ரகம். சுட்டும் தின்னலாம், அவித்தும் தின்னலாம். வேலுத்தாய் அறிந்தது அதுதான். மலையில் நடுகிற கசப்பு ரகம் வேறு. ஓடவும் முடியாது, முள்ளும் கிடையாது என்பதால் இந்தக் கிழங்கு எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் எதிராக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அதன் சதைக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனியாக அடைபட்டிருக்கின்றன. தனியாக இருக்கும்வரை சாது. பல் பட்டோ கத்தி பட்டோ சதை கிழிந்தால் இரண்டும் கலக்கும், கலந்தால் விஷம் பிறக்கும். அந்த விஷத்துக்கு இரண்டு குணம் உண்டு. தண்ணீரில் கரையும், சூட்டில் ஆவியாகப் பறக்கும். அதனால்தான் மூடாமல் வேகவைப்பதும், வெந்த தண்ணீரைக் கொட்டுவதும். அப்படிச் செய்தால் மிஞ்சுவது நல்ல உணவு, ஒரு நாடே தின்று வளரும் உணவு. மலையாளத்தார் அந்த விஷத்தைக் கட்டு என்பார்கள். அந்தத் தண்ணீரை மாடு குடிக்காத இடமாகப் பார்த்து ஊற்றுவார்கள்.

அரிசிக்கு எது சரியோ அது இங்கே நேர்த் தப்பு. தானியம் தன் சத்தைத் தண்ணீரில் விடுகிறது, இந்தக் கிழங்கு தன் விஷத்தை விடுகிறது.

வேலுத்தாய் தோலைச் சீவினாள், பொடியாக நறுக்கினாள். சத்து கரைந்து வீணாகாமலிருக்கத் தண்ணீரை அளவாக வைத்தாள். ஆவியில் எதுவும் போய்விடாதபடி மூடிபோட்டு, மூடிமேல் கல்லும் வைத்தாள். வெந்ததும் தண்ணீரை ஒரு செம்பில் இறுத்தாள். நாலு துண்டை அதிலேயே மசித்துவிட்டாள். உப்பு, நசுக்கிய வெங்காயம். கொஞ்சம் கசந்ததால் உப்பைக் கூட்டினாள்.

"குடிங்க மாமா. அரிசிக் கஞ்சி இல்ல, கெழங்குக் கஞ்சி."

"கசக்குதே தாயி."

"காய்ச்சக்கார வாயி, அப்பிடித்தான் இருக்கும். மூச்சப் புடிச்சுக் குடிச்சிருங்க."

அவன் குடித்தான். மிஞ்சிய துண்டுகளில் கொஞ்சத்தை அவள் மிளகாய்த் துவையலோடு தின்றாள்.

விளக்கு வைப்பதற்கு முன்பே சுருளிவேல் தலையைப் பிடித்துக்கொண்டான். சுவர் சுற்றுகிறது என்றான். வேர்த்தது. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மூச்சு, ஓடி வந்தவனைப் போல இரைத்தது. வேலுத்தாய் போட்ட கூச்சலில் லயமே திரண்டது.

"வச்சுட்டாளே! கெழங்குல வச்சுக் குடுத்துட்டாளே பாவி!"

வெள்ளைத்துரை உள்ளே புகுந்து அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், காற்று வர எல்லோரையும் விரட்டினார். பாதிக்கு மேல் வாந்தியில் போனதுதான் அவனைக் காப்பாற்றியது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது. அதற்குள் கங்காணி ராஜாராம் நாலு பேரோடு போய்ச் சாயாக்கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஏலியாம்மாவை ஸ்டோர்த் தாழ்வாரத்தில் படுக்கச் சொன்னார்கள்.

காலையில் விசாரணை ஸ்டோருக்குள் நடந்தது, வெளியே மழை நிற்கவில்லை. வேலுத்தாய் மிஞ்சிய துண்டுகளையும், மிஞ்சிய தண்ணீரையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "இது ரெண்டையும் அவளத் தின்னு காமிக்கச் சொல்லுங்க. மருந்து வைக்காட்டித் தின்பால்ல?"

ஏலியாம்மா குனிந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து நுனியைக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு செம்பை மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இத ஞான் குடிக்க மாட்டேன்."

ஸ்டோர் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது.

"பாத்தீகளா!" என்றார் ராஜாராம். "ஏம்மா குடிக்க மாட்ட?"

"இது களைய வேண்டிய வெள்ளம். இதுல கட்டு உண்டு. ஞான் சொல்லியிருந்ததல்லோ? இவ களைஞ்சில்லா. அவனுக்குக் குடுத்துட்டா."

"கஞ்சித் தண்ணி விஷமாம்ல!" என்று பேச்சி கையைத் தட்டினாள். "நாளைக்குத் தாய்ப்பாலும் விஷம்னுவா."

எல்லோரும் அதே கஞ்சியில் வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் அது ஏறவில்லை. வேலுத்தாய்க்கும் ஏறவில்லை. வெள்ளைத்துரை மட்டும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சொல்லும் கதைகளை யாரும் நம்பிப் பழக்கமில்லை என்பது அவருக்கே தெரியும்.

ராஜாராம் தீர்ப்புச் சொன்னார். ரோடு திறந்ததும் முதல் ஜீப்பில் ஏலியாம்மா இறங்கிவிட வேண்டும். முதலாளியிடம் தான் பேசிக்கொள்வார். கடையை என்ன செய்வது என்று அப்புறம் பார்க்கலாம்.

"எங்கே போவேன் ஞான்?" என்று மட்டும் கேட்டாள் ஏலியாம்மா. கூட்டம் அதற்குள் கலைந்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தது.

வீட்டில் சுருளிவேல் கண் விழித்துக் கிடந்தான்.

"நீ சாப்டியா தாயி?"

"நேத்தே சாப்ட்டேன். அந்தக் கெழங்குதான்."

"ஒனக்கு ஒண்ணும் செய்யலையே?"

"தலைய வலிச்சுச்சு. பொகைன்னு நெனச்சேன்."

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். கேட்டது அவ்வளவுதான். வேலுத்தாய் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

ஒரே கிழங்கு, ஒரே பானை. அவளுக்குத் தலைவலியோடு போனது, அவனுக்கு மூச்சே போகப் பார்த்தது. மருந்து வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் அல்லவா வைத்திருக்க வேண்டும்? எப்படி வைத்தாள்? அவள் மிச்சக் கிழங்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். மண் ஒட்டியிருந்தது. துளை இல்லை, கீறல் இல்லை. வேகாத கிழங்குக்குள் எந்த மந்திரவாதியால் எதைத் திணிக்க முடியும்? துண்டைத் தின்றவள் இவள், தண்ணீரைக் குடித்தவன் அவன். ஏலியாம்மாவும் அதைத்தானே செய்தாள்? துண்டைத் தின்றாள், தண்ணீரைத் தொடவில்லை.

சந்தேகப்படுகிற பழக்கம் ஒருமுறை கிளம்பினால் யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அது இப்போது அவள் கையையே பார்த்தது.

இரண்டு சட்டிகளை அடுப்பில் ஏற்றினாள். ஒன்றை நேற்றைப் போல மூடி வைத்தாள். மற்றதில் நிறையத் தண்ணீர், மூடி கிடையாது. திறந்த சட்டியிலிருந்து ஆவி வந்தபோது லேசாக ஒரு காரல் வாடை. ஸ்டோரில் மேல் ஜன்னலை ஏன் திறக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெடுக்கிறது ஆவியில் இருந்தால் அதை வெளியே விட வேண்டும், மூடினால் அது உள்ளேயே இறங்கும். இரண்டு தரம் வடித்துக் கொட்டினாள். அந்தத் துண்டை நாக்கில் வைத்தாள். மாவாகக் கரைந்தது, கசப்பில்லை. மூடிய சட்டித் தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது. உடனே துப்பி வாயைக் கொப்பளித்தாள்.

அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னால் என்ன ஆகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புருஷனுக்குத் தன் கையால் விஷம் ஊட்டியவள் என்று சிலமலைவரை பேசுவார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கடை மூடியிருக்கும். தேங்காய் எண்ணெய் வாடை வீட்டுக்கு வராது. கடை அப்படி மூடிக் கிடப்பது அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போயிற்று. விசாரணையில் அப்படிக் கத்தியது எதற்காக, புருஷனுக்காகவா, இதற்காகவா?

அன்று ராத்திரி ரோடு திறந்தது. மறுநாள் காலையில் ஜீப்பு கடைக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. ஏலியாம்மா பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள், காலடியில் அவளுடைய தகரப் பெட்டி. ராஜாராம் அருகில் நின்றார், பேச்சியும் இன்னும் பலரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

வேலுத்தாய் ஒரு தட்டோடு இறங்கி வந்தாள். கங்காணியின் முன்னால் நின்று, தட்டிலிருந்த கிழங்கை ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு மென்றாள்.

"என்னாத்தா இது? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார் ராஜாராம்.

"அவ குடுத்த கெழங்குதான். அவ சொன்ன மாதிரி வேக வச்சது. வெடியக்காலமே இவுகளுக்கும் குடுத்துட்டேன். நல்லா இருக்காக."

"அப்ப முந்தாநாளு?"

"முந்தாநாளு அவ சொன்ன மாதிரி வைக்கல. மூடாதேன்னா, மூடுனேன். தண்ணியக் கொட்டுன்னா, கொட்டல. அந்தத் தண்ணியத்தான் இவுகளுக்கு ஊத்துனேன். அதுலதான் வெசம்."

 பேச்சிதான் வாயைத் திறந்தாள். "அடியே, அப்ப நீயாடி ஒம் புருசனுக்கு..."

"நாந்தான்" என்றாள் வேலுத்தாய். "போதுமா? ஊருல போய்ச் சொல்லிக்க."

ராஜாராம் இடுப்பைத் தடவிக்கொண்டார். "அதெல்லாம் சரி. ஒரு தடவ பேர் கெட்டா கெட்டதுதான். மொதலாளிகிட்ட நான் சொல்லி விட்டாச்சு..."

"ரோடு நேத்து ராத்திரிதானே தெறந்துச்சு. யாருகிட்டச் சொல்லி விட்டீக?" வேலுத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பாலை நகத்தில் விட்டுப் பார்க்கிற அதே பார்வை. "கங்காணி அண்ணே, பொட்டிபுரத்து ஒங்க மச்சினன் இங்க டீக்கடைக்கு எடம் பாக்குறாருன்னு ஒங்க வீட்ல சொன்னாகளே. எடம் ஆம்புட்டுச்சா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெள்ளைத்துரை ஜீப்பை அணைத்துவிட்டு இறங்கினார். "கங்காணி, சாவியக் கொண்டாங்க. எனக்கு லோடு ஏத்துற சோலி கெடக்கு, வெரசா ஆகட்டும்" என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. ராஜாராம் சுற்றிலும் பார்த்தார். பிறகு சாவியை அந்தக் கையில் போட்டுவிட்டு, மழையைத் திட்டிக்கொண்டே மேலே நடந்தார்.

ஏலியாம்மா உடனே இறங்கவில்லை. பூட்டு திறக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த பிறகுதான் காலைக் கீழே வைத்தாள். அழுகையும் இல்லை, நன்றியும் இல்லை. வேலுத்தாய் முன்னால் வந்து தகரப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கடைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நில்லு" என்றாள் ஏலியாம்மா.

பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பூட்டை ஆட்டிப் பார்த்தாள். திறந்தாள். மடித்த முண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். புருஷனின் போட்டோவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஜெபமாலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள், மறுபடியும் மோந்து பார்த்தாள். வேலுத்தாயின் கை பட்ட கைப்பிடியைக்கூட முந்தானையால் துடைத்தாள்.

வேலுத்தாய்க்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.